‘நானோ’ என்று போட்டிருந்த மஞ்சள் மாத்திரை

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர்:

அப்பாவுக்கு வயது 63. போன வருஷம் ஸ்கேனில் ஃபேட்டி லிவர், அதாவது கல்லீரலில் கொழுப்பு, என்று வந்தது. டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. எடையைக் குறைத்து, தினமும் நடக்கச் சொன்னார். சீட்டு எழுதாத வைத்தியத்தில் அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. செல்போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ‘நானோ மஞ்சள்’ மாத்திரை வரவழைத்துவிட்டார். சாதா மஞ்சளைவிடப் பல மடங்கு உடம்பில் சேரும், நேராகக் கல்லீரலுக்கே போகும் என்று டப்பாவில் போட்டிருந்தது.

மூன்றாம் மாதம் அவர் கண் மஞ்சளித்ததை அம்மாதான் முதலில் கவனித்தாள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். கல்லீரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி., 40-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, 1,100-ஐத் தாண்டியிருந்தது. வைரஸ் காமாலை எதுவும் இல்லை. டாக்டரம்மா மூன்று தடவை கேட்டார்: “வேற ஏதாவது சாப்பிடுதீங்களா ஐயா?” மூன்று தடவையும் அப்பா இல்லை என்றார். அவர் மறைக்கவில்லை. மஞ்சள் அவருக்கு மருந்துக் கணக்கிலேயே வரவில்லை.

அன்று ராத்திரி அலமாரியைத் துழாவியபோதுதான் டப்பா கிடைத்தது. மறுநாள் டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பொடி எழுத்தில் மிளகுச் சத்து என்றும் இருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். குழம்பில் போடும் மஞ்சளில் இருக்கும் குர்குமின் ரத்தத்தில் ஏறுவது மிகக் கொஞ்சம். ஏறவைக்கத்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள், நுண்துகளாக அரைக்கிறார்கள். ஏறியதை எல்லாம் கல்லீரல்தான் சமாளிக்க வேண்டும். சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. 2022-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிவந்ததாம். மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரைப் பார்த்ததில், 7 பேரிடம் ஒரே மரபணு வகை இருந்திருக்கிறது.

மாத்திரையை நிறுத்தினோம். ஏழு வாரத்தில் எண்கள் இறங்கிவிட்டன. இப்போது காலையில் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருகிறார்.

அபிஷேகப்பட்டிப் பக்கம் ஆராய்ச்சி மாணவி:

அண்ணாச்சி, அப்பா தேறியது பெரிய நிம்மதி. நான் நான்கு வருஷமாக நானோ துகளோடுதான், அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகளோடுதான் இருக்கிறேன், அதனால் அந்த டப்பா வாசகம் எனக்கு வலிக்கிறது. ‘கல்லீரலுக்கே போகும்’ என்பது பெரிய சாதனை இல்லை. ரத்தக் குழாயில் செலுத்தும் நானோ துகளில் பெரும்பகுதியைக் கல்லீரல் தானாகவே பிடித்துக்கொள்ளும். அங்கே குப்ஃபர் செல்கள் என்று காவல் செல்கள் உண்டு, அந்நியமாக எது வந்தாலும் விழுங்கிவிடும். புற்றுக் கட்டிக்கு மருந்து அனுப்புகிறவர்களுக்கு இது தீராத தலைவலி.

கல்லீரல் நோய்க்கும் கடினமான வேலை அதற்கு அப்புறம்தான். தண்ணீர் குளத்துக்கு வந்துவிட்டால் போதுமா, எந்த மடை வழியாக எந்த வயலுக்குப் பாய்கிறது என்பதல்லவா கணக்கு? நரம்பைக் கெடுக்கும் ஒரு பரம்பரை நோய்க்காக 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாட்டிசிரான் மருந்து அப்படிச் சரியான வயலுக்குப் போனது. கொழுப்பால் ஆன துகளுக்குள், ஒரு மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. துண்டை வைத்து ரத்தத்தில் விடுகிறார்கள். வழியில் நம் ரத்தத்திலுள்ள அப்போ-ஈ புரதம் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. கல்லீரல் செல் தன் சொந்தக் கொழுப்பு என்று எண்ணி உள்ளே இழுத்துக்கொள்கிறது. முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2025-ல் ஃபிலடெல்ஃபியாவில், பிறவியிலேயே அம்மோனியாவை வெளியேற்ற முடியாத ஒரு குழந்தைக்கு, அதன் மரபணுப் பிழையைத் திருத்தும் மருந்தும் இதே மாதிரிக் கொழுப்புத் துகளில்தான் போனது.

கல்லீரல் தழும்புக்கு இன்னும் அப்படி ஒரு மருந்து வரவில்லை. தழும்பை உண்டாக்கும் ஸ்டெல்லேட் செல்கள் வைட்டமின் ஏ-யைச் சேர்த்து வைப்பவை. அதனால் துகளின்மேல் வைட்டமின் ஏ-யை ஒட்டி அவற்றை நோக்கி அனுப்பி மனிதர்களிடமே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இதெல்லாம் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக, அளவு பார்த்துக் கொடுப்பவை. கூரியரில் வரும் டப்பாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முக்கூடலிலிருந்து ஒருவர்:

எங்கள் அத்தைக்கு ஹெபடைடிஸ் பி, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் கிருமி. பத்து வருஷமாகக் கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்துவந்தார். கீழாநெல்லியைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வில், கிருமியைச் சுமந்த 37 பேருக்கு அதைக் கொடுத்ததில் 22 பேர் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் போனது என்று லான்செட் இதழில் வந்தது. ஆனால் பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அத்தை இப்போது தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை போடுகிறார். கிருமி அடங்கியிருக்கிறது.

“நானோ மருந்து வந்தா எனக்குப் போடுவாங்களா?” என்று அவர் கேட்டபோது டாக்டர் சொன்ன பதில் எனக்குப் புதிது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியே நானோ துகள்தானாம். கிருமியின் மேலுறைப் புரதம் தானாக 22 நானோமீட்டர் உருண்டையாகச் சேர்ந்துகொள்கிறது. உள்ளே கிருமி கிடையாது. “உங்களுக்கு மாத்திரை போதும்மா, ஊசி வீட்டுல இருக்குத மத்தவங்களுக்கு” என்றார்.

தை மாதம் அத்தை மகளுக்குப் பிரசவம். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்ததும் அத்தை முதலில் கேட்டது ஆணா பெண்ணா என்று இல்லை. “ஊசி போட்டாச்சா?” என்றார். பிறந்த அன்றே போட்டிருந்தார்கள்.