அடைமழைக்கு முன்னால் காரில் என்னென்ன பார்க்கணும்? டெல்டாக்காரங்க சொல்லுங்க

வணக்கம். ஊர் வேதாரண்யம் பக்கம். அப்பாவைச் சிகிச்சைக்காக அடிக்கடி தஞ்சாவூர் கூட்டிட்டுப் போகணும், அதுவும் விடியுறதுக்கு முன்னாடியே கிளம்பணும். வண்டி பழைய டீசல் ஸ்விஃப்ட். ஐப்பசிக்குள்ள தயார் பண்ணிடணும்.

பெரிய கவலை அடிப்பக்கத் துருதான். உப்பளக் காத்து ஒருபக்கம், வாய்க்கால் வழிஞ்சு ரோட்டுல நிக்கிற தண்ணி இன்னொரு பக்கம். சைலன்சர், பிரேக் பைப் எல்லாம் செதில் செதிலா உரியுது. பைப் அரிச்சு ஆயில் கசிஞ்சா பிரேக்கே பிடிக்காது, அதனால அதை மாத்தப் போறேன். மத்த இடத்துக்கு அண்டர்கோட்டிங் (துருப் பிடிக்காம இருக்க அடிப்பக்கம் அடிக்கிற பூச்சு) அடிக்கலாம்னா, துருவைச் சுரண்டாம அடிச்சா ஈரம் உள்ளேயே தங்கிடும்ங்கிறார் ஒரு மெக்கானிக். அப்படியே அடிக்கலாம்ங்கிறார் இன்னொருத்தர். எனக்கு முதல் ஆள் சொல்றதுதான் சரியாப் படுது. உங்க அனுபவம் என்ன? திருத்துறைப்பூண்டி, மன்னார்குடியில முறையாச் செய்றவங்க இருக்காங்களா?

டயர் பட்டன் (டயர் மேல இருக்கிற வரிப்பள்ளத்தோட ஆழம்) 1.6 மி.மீ.க்குக் கீழே தேஞ்சா சட்டப்படி மாத்தணும். மழை ரோட்டுக்கு 3 மி.மீ.லயே மாத்திடலாமா? (ரோட்டுல நெல் காயப்போட்டிருந்தா வழுக்கல் வேற.)

தண்ணியில நின்னுபோன இன்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா, உள்ளே தண்ணி புகுந்திருந்தா கனெக்டிங் ராடு (பிஸ்டனோட சேர்ந்த தண்டு) வளைஞ்சிடும்னு தெரியும். அப்படி நின்னா ராத்திரியிலயும் வந்து கட்டி இழுக்கிற ஆள் யாராவது தெரிஞ்சா தயவுசெஞ்சு உள்பெட்டியில சொல்லுங்க.