புதுப்பிப்பு: ஹைலக்ஸ் வந்தாச்சு, எஸ்டீம் போகலை

தோப்புக்கு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் எடுத்துட்டு, 2004 மாருதி எஸ்டீம் காரைக் கொடுத்துடலாமான்னு முன்னாடி கேட்டிருந்தேன். பாதிப் பேர் ‘கொடுத்துடு’ன்னீங்க. கொடுக்கலை.

ஹைலக்ஸ் 5.3 மீட்டர் நீளம், எஸ்டீமைவிட நாலடி கூட. எங்க தெருமுனையில ஒரே திருப்புல திரும்பாது. டீக்கடை பெஞ்சை எடுத்து வைக்கச் சொல்லணும். பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (லாரியில இருக்கிற மாதிரி பட்டை பட்டையா அடுக்கினது), காலியாப் போனா தூக்கிப் போடுது. எட்டு மூட்டை புண்ணாக்கு ஏத்துங்க, அப்படியே அடங்கிடும். வாய்க்கால் சேத்துல ஃபோர் வீல் போட்டா (நாலு சக்கரமும் இழுக்கும்), 2.8 லிட்டர் டீசல் முனகாம ஏறுது. எஸ்டீம் அங்க எட்டிக்கூடப் பார்க்காது.

ஆனா அம்மா ஹைலக்ஸ்ல ஏற முக்காலி போடணும். ரெண்டாம் நாளே சொல்லிட்டாங்க: “கோயிலுக்கு நம்ம பழைய வண்டியையே எடுடா.”