எருக்குவியலுக்குப் பக்கத்திலேயே கிணறு, காய்ச்சிக் குடித்தால் போதுமா?

கேள்வி:
எங்களிடம் ஆறு மாடுகள். சாணியை அள்ளித் தொழுவத்துக்குப் பின்னால் கொட்டுகிறோம், அங்கிருந்து கிணறு இருபது அடிகூட இருக்காது. கோமியமும் தொழுவம் கழுவுகிற தண்ணீரும் அதே பக்கம்தான் ஓடுகின்றன. போன மழைக்கு அப்புறம் கிணற்றுத் தண்ணீரில் ஒரு மாதிரி வாடை, பெரியவனுக்கு இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. நான்கு மாதக் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கரைப்பதும் இதே தண்ணீரில்தான், நன்றாகக் காய்ச்சித்தான் கொடுக்கிறோம். அது போதும்தானே? ஈத் தொல்லை வேறு தாங்கவில்லை.

பதில் 1:
கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம். காய்ச்சினால் கிருமி சாகும், சரி, ஆனால் சாணியிலும் கோமியத்திலும் இருந்து மண் வழியாக இறங்குகிற நைட்ரேட் என்கிற உப்பு போகாது, கொதித்துத் தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். பச்சைக் குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி அது செய்துவிடும். உதடும் நகமும் நீலமாகத் தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, அதனால் பரிசோதித்தால்தான் தெரியும். சாணம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை என்கிற கிருமிக்கும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

கனடாவின் வாக்கர்ட்டனில் 2000 மே மாதம் பெருமழை பெய்தபோது, பக்கத்துப் பண்ணையின் மாட்டுச் சாணத்திலிருந்த கிருமிகள் ஆழமில்லாத ஊர்க் கிணற்றில் இறங்கின. 2,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். அந்தப் பண்ணைக்காரர் ஒழுங்காகத்தான் எருவைக் கையாண்டார் என்று விசாரணையே சொன்னது. அப்படியிருந்தும் நடந்தது.

பதில் 2:
குவியலைக் கிணற்றைவிடத் தாழ்வான பக்கம், முடிந்தவரை தள்ளி மாற்றுங்கள். அடியில் களிமண்ணைக் கெட்டிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் சிமெண்ட் தளம் போடுங்கள், மேலே ஒரு கூரை. மழைத்தண்ணீர் சாணியில் படாமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும். வைக்கோல், காய்ந்த சருகு கலந்து குவியுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. உள்சூடு 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டுங்கள், வெளியில் கிடப்பது உள்ளே போகும்படி. அப்போதுதான் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் அழியும்.

வெயில் காலத்தில் முட்டை ஈயாக ஏழு முதல் பத்து நாள் போதும். நடுத்தளத்தை எல்லோரும் கூட்டுகிறோம், தீவனத் தொட்டிக்கு அடியிலும் மூலையிலும் ஒட்டியிருப்பதைத்தான் விட்டுவிடுகிறோம், ஈ அங்கேதான் பெருகுகிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இனி குழந்தைக்கு வெளியிலிருந்து தண்ணீர் வாங்குகிறோம். கழுவுகிற தண்ணீருக்கு மூடி போட்ட ஆழமான குழி ஒன்று தோண்டலாமா? வருடம் ஒருமுறை ஆள் இறங்கி அள்ளிவிடலாம்.

பதில் 3:
ஆள் இறங்குகிற யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். மூடிய சாணக் குழியில் ஹைட்ரஜன் சல்பைடு என்கிற நச்சு வாயு சேரும், காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். முதலில் அழுகிய முட்டை வாடை வரும், அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, ஆபத்து போய்விட்டது என்று நினைத்துவிடுவோம். கலக்கும்போது ஒரேயடியாகப் பொங்கி வரும். உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆறு மாட்டுக்கு ஆழக் குழி எதற்கு? சாணியை முதலில் வாரிவிட்டு அப்புறம் கழுவினால் தண்ணீரே கொஞ்சம்தான் வரும், அதைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் தீவனப்புல்லுக்கு விடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, குழி வேண்டாம். தண்ணீர் மாதிரியை நாளைக் காலை கொடுக்கிறேன், முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.