தலைமுடியால் சட்டி தேய்த்தவளுக்குச் சாமி எதற்கு?

தாமரைக்கண்ணி:
பிரேசில் கலைஞர் பிரிசிலா ரெசெண்டே 2010-ல் தொடங்கிய 'பொம்பிரில்' நிகழ்த்துகலையின் பதிவைப் பார்த்தேன். தரையில் சட்டியும் பானையுமாகக் குவிந்து கிடக்கிறது. நடுவில் உட்கார்ந்து, சோப்புத் தண்ணீரில் தன் முடியையே நனைத்து ஒவ்வொன்றாகத் தேய்க்கிறார். பொம்பிரில் அங்கே வீட்டுக்கு வீடு புழங்கும் கம்பி நாரின் பெயர். கறுப்பினப் பெண்களின் சுருட்டை முடியைக் கேலி செய்வதும் அதே சொல்லால்தான். வசவை வேலையாகச் செய்தே காட்டிவிட்டார்! இதில் எந்தத் தெய்வமும் இல்லை. அப்படியிருக்க மற்ற கலைஞர்கள் இயான்சா, ஒஷுன் என்று கேண்டோம்ப்ளே (ஆப்பிரிக்க வேர்கொண்ட பிரேசில் மதம்) பெண் தெய்வங்களைக் கலைக்கூடத்துக்கு இழுத்து வருவது எதற்கு? வெளிநாட்டுக்காரன் கைதட்டத்தானே?

ஊர்சுற்றி:
கைதட்டுகிறவன் எதற்கும் தட்டுவான், விடுங்க. இயான்சா கதை தெரியுமா? எருமைத் தோலைக் கழற்றி ஒளித்துவிட்டுப் பெண்ணாகச் சந்தைக்குப் போகிறாள். வேடன் ஒருவன் தோலைத் திருடிப் பதுக்கி, அவளைக் கட்டிக்கொள்கிறான். பிள்ளைகள் பிறந்தபின் தோல் கையில் சிக்குகிறது, போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். கொம்பை மட்டும் பிள்ளைகளிடம் கொடுத்து, கூப்பிட்டால் வருவேன் என்கிறாள். இதைவிடப் பெண்ணியம் பேசும் கதை வேண்டுமா?

தாமரைக்கண்ணி:
கதை அருமைதான். ஆனால் கேண்டோம்ப்ளேயில் ஒருவர்மேல் சாமி இறங்க, தலையை மழித்து, நாள்கணக்கில் தனியறையில் கிடந்து தீட்சை வாங்க வேண்டும். கலைக்கூடத்தில் மாலை ஆறு மணிக்கு இறங்குமா? அதிலும், இந்த மதத்தாரிடமிருந்து ரியோ போலீஸ் பறித்த பூசைப் பொருள்கள் பல பத்தாண்டுகள் போலீஸ் வசமே கிடந்து, 2020-ல்தான் குடியரசு அருங்காட்சியகத்துக்குப் போயின. மறுபடியும் காட்சிப்பொருளா?

ஊர்சுற்றி:
அந்த மீட்புக்கு முன்னின்றவரே மெனினசின்யா என்ற பெண் பூசாரிதான். பிரேசிலின் சால்வடார் நகரத்துப் பழைய கேண்டோம்ப்ளே கோயில்களை நடத்துவதும் பெண்கள்தான். அவர்கள் பேச்சில் தெய்வமும் உரிமையும் தனித்தனியாக வராது.

கடல்காற்று:
குறுக்கே வருகிறேன். கடல் தெய்வம் இயெமஞ்சாவின் கடையில் விற்கும் சிலைகளைப் பாருங்கள்: வெளுத்த தோல், இடுப்பு வரை நேரான முடி. பிப்ரவரி 2 அன்று சால்வடாரில் கடலில் விடும் பூவும் முகம் பார்க்கும் கண்ணாடியும் இவளுக்குத்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்களிடமிருந்து வந்த தாய்த் தெய்வம் இவள். ஒரு கறுப்பினப் பெண் தன் சுருட்டை முடியோடு இயெமஞ்சாவாக வந்து நின்றால், அதுவும் பொம்பிரிலுக்குப் பதில்தானே அக்கா?

தாமரைக்கண்ணி:
முடி விஷயம் உறைக்கிறது தம்பி. ஆனாலும் அந்தச் சட்டிகளைப் பார்த்தபிறகு, கண்ணாடி பிடித்த தெய்வத்தின்மேல் எனக்கு மனம் ஒட்டவில்லை.

ஊர்சுற்றி:
ஒட்ட வேண்டாம். தோலை ஒளித்து வைக்காதீர்கள், போதும்.