ஆர்லாண்டோ பிரைடு (அமெரிக்கப் பெண்கள் கால்பந்து டீம்): முதல் சீசன்களைப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஊதாச்சட்டை

2016 ஏப்ரல் 23, சிட்ரஸ் பவுல், ஹூஸ்டன் டேஷுடன் முதல் ஹோம் மேட்ச். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். 3-1 என்று ஜெயித்தோம், 23,403 பேர் வந்திருந்தார்கள், அமெரிக்கப் பெண்கள் லீக்கில் அதுவரை அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. எனக்கு மனசில் நிற்பது கோல் இல்லை. உள்ளே போகும் வரிசையில் என் பெண், அப்போது எட்டு வயது, முன்னாலும் பின்னாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இதுக்கு அப்புறம் பாய்ஸ் மேட்ச் இருக்கா?" இல்லடா, இது மட்டும்தான் என்றேன். "அப்போ இவங்க எல்லாரும்?" என்றவள் பதிலுக்குக்கூட நிற்கவில்லை. என் கையை உதறிவிட்டு கேட்டைப் பார்த்து ஓடினாள்.

கடைசிவரிசை

அக்கா, எல்லாரும் அந்த ஒரு நாளையே சொல்கிறோம். முதல் சீசன் என்றால் எனக்கு அதன் பின்பாதிதான். ஒலிம்பிக்குக்காக அலெக்ஸ் மார்கன், ஸ்டெஃப் காட்லி எல்லாரும் ரியோ போனார்கள். சீசன் முடியும்போது 20 மேட்சில் 13 தோல்வி, 10 டீமில் 9-வது இடம். ஒரு நாள் தோற்றதும் கூட்டம் கிளம்பிவிட்டது. நான் மட்டும் ஏனோ எழுந்திருக்கவில்லை. அன்று களமிறங்காத நாலைந்து பேர் காலி மைதானத்தில் இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மூச்சு வாங்குவது மேலே வரைக்கும் கேட்டது. அதைப் பார்க்காமல் போனவர்கள் அந்த டீமைப் பார்த்ததாகவே நான் நினைக்கவில்லை.

ஊதாச்சட்டை

தம்பி, எட்டு வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ராத்திரி கடைசிவரை உட்கார முடியாது. நாங்களும் அந்த டீமைப் பார்த்தவர்கள்தான்.

ஏரிக்கரை

சண்டை வேண்டாமே. நான் போனது 2017-இல், புது ஸ்டேடியத்துக்கு. சீட் எல்லாம் ஊதா, பிரிவு 12-இல் மட்டும் வானவில் நிறத்தில் 49. ஆர்லாண்டோவில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் பல்ஸ் கிளப்பில் 2016 ஜூன் 12 அன்று துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர்களுக்காக. மேட்ச் தொடங்குவதற்கு முன் வயதான ஒரு அம்மா வந்து ஒரு சீட்டின் முதுகில் கை வைத்தார். உட்காரவில்லை. தேசிய கீதம் முடியும்வரை கையை எடுக்கவும் இல்லை. யாருக்கு என்ன உறவோ, கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்கப்புறம் மேட்சில் என்ன நடந்தது என்றே எனக்கு நினைவில்லை.

பத்தாம்நம்பர்

நானும் 2017தான். வார்ம்-அப்பில் பிரேசில் ஸ்டார் மார்த்தா இடது காலால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் பந்து போட்டதைப் பார்த்தேன், அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 2026-இல் டென்வர், பாஸ்டன் டீம்கள் வந்துவிட்டன, அங்கே நம்மவர்கள் நிறைய. புது டீம் என்றால் முதல் மேட்சுக்கு மட்டும் போய்விட்டு வராதீர்கள். மார்த்தா வந்த 2017-இல் நாம் 3-வது இடம், அரையிறுதியில் போர்ட்லாண்டிடம் 4-1 என்று தோற்றோம். அடுத்த வருடம் 7-வது, 2019-இல் கடைசி இடம். ஷீல்டும் (லீக் பட்டியலில் முதலிடத்துக்குத் தருவது) கோப்பையும் வந்தது 2024-இல்தான். அதனால் முடிந்தால் சீசன் டிக்கெட் எடுங்கள். ஸ்டார் பெயரை மட்டும் வைத்து டீமைப் பிடிக்காதீர்கள், டிஃபென்ஸில் ஆடுபவர்களின் பெயரைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் கோலுக்குப் பின்னால் உட்காருங்கள், வார்ம்-அப்பை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும். வெயில் ஊரென்றால் தொப்பி மறக்காதீர்கள்.