யாழ்ப்பாணத்துப் பழைய கடிதங்கள் (1987–96): ஆண்டு பிடிப்பதும் பாதுகாப்பதும்

பனையோலை:
அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனியில் இருந்த மாமாவுக்கு எழுதின கடிதங்கள் ஒரு பிஸ்கட் தகரம் நிறைய இருக்கு. கூடுதலாக நீல ஏரோகிராம் (மடிச்சு ஒட்டினால் தானே உறையாகிற வான்கடிதத் தாள்), மிச்சம் கொப்பித்தாள், நாலைந்து செஞ்சிலுவைப் படிவம். பலதில் நாளும் மாதமும்தான், ஆண்டு இல்லை. குண்டூசி துருப்பிடிச்சிட்டுது, மடிப்பில் செலோடேப். எப்படி ஒழுங்குபடுத்துறது? லமினேட் பண்ணலாமா?

கச்சேரியடி:
லமினேட் பண்ணவே வேண்டாம். சூட்டோடு ஒட்டின பிளாஸ்டிக்கைப் பிறகு கழற்ற ஏலாது.

தகரத்தில் இருக்கிற வரிசையை முதலில் படமெடுங்கோ. மாமா அடுக்கின ஒழுங்கே ஒரு தடயம். கடித உறையைக் கடிதத்திலிருந்து பிரிக்காதேங்கோ. ஆனால் தபால் முத்திரையை மட்டும் நம்பவும் வேண்டாம். 90க்குப் பிறகு பயணம் போறவர்களிடம் கொடுத்துவிட்ட கடிதங்கள் கொழும்பிலோ வவுனியாவிலோதான் தபாலில் சேர்ந்தன. எழுதின நாளுக்கும் முத்திரைக்கும் இடையில் வாரக்கணக்கு இருக்கலாம்.

கிழமை எழுதியிருந்தால் பாதி வேலை முடிஞ்சுது. ‘ஏப்ரல் 14, வெள்ளி’ என்றால் உங்கட காலத்துக்குள் 1989 அல்லது 1995. இந்தியன் ஆமியைப் (1990 மார்ச்சில் திரும்பிப் போன இந்திய இராணுவம்) பற்றிக் கதைச்சால் 1989. கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு, மண்ணெண்ணெய் விலை என்றால் 1995. கிளாலியால் (கடனீரேரியைப் படகில் கடக்கிற வழி) போனது வந்தது என்றால் 90களின் முற்பாதி. 1995 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாண நகரும் வலிகாமமும் காலியான இடப்பெயர்வுக்குப் பிறகு முகவரியே தென்மராட்சிக்கோ வன்னிக்கோ மாறியிருக்கும். ‘பழைய நேரம்’, ‘புதிய நேரம்’ என்று எழுதியிருந்தால் 1996 மே மாதத்துக்குப் பிந்தியது: அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது அப்பதான், புலிகளின் பகுதியில் பழைய நேரமே நடந்தது.

ஊகிச்ச ஆண்டைச் சதுர அடைப்புக்குள், HB பென்சிலால், பின்பக்க மூலையில் மெல்ல எழுதுங்கோ. பேனை வேண்டாம்.

மைக்கூடு:
குண்டூசியை இழுத்தால் துரு தாளைக் கிழிக்கும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மெல்லிய பொலியெஸ்டர் துண்டைச் செருகி, பிறகு ஊசியை நழுவ விடுங்கோ. செலோடேப்பைத் தொடாதேங்கோ. ஸ்பிரிட் போட்டால் பசையோடு பந்துமுனைப் பேனை மையும் கரையும். ஊற்றுப்பேனை எழுத்துக்கு ஈரமே ஆகாது, மடிப்பு நிமிர்த்த ஆவி பிடிக்கிறதும் கூடாது.

ஸ்கான்: கலரில், குறைஞ்சது 400 டிபிஐ (dpi), டிஃப் (TIFF) கோப்பாக. ஏரோகிராமை விரித்து முகவரிப் பக்கத்தையும் மடிப்புக் காதுகளையும் எடுக்கவேணும். இடம் போதாமல் காதில் எழுதின இரண்டு வரியில்தான் முக்கிய செய்தி இருக்கும். கோப்புப் பெயர் 1995-04-14_01 மாதிரி. அமிலமில்லாத உறையில் போட்டு, அதே தகரத்தில் இல்லாமல் அட்டைப்பெட்டியில் வையுங்கோ. ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வரும். பூச்சியுருண்டை வேண்டாம்.

நெடுந்தீவுக்காரி:
செஞ்சிலுவைப் படிவத்தை இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் பதியுங்கோ. உறையில்லாமல் திறந்தபடி போகிற தாள் அது. குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம், பதிலுக்கும் அதிலேயே இடம் உண்டு. ‘எல்லாரும் சுகம்’ என்று மட்டும் இருந்தால் சொல்ல எதுவும் இருக்கேல்லை என்று எடுக்கக்கூடாது. பிறர் வாசிப்பினம் என்று தெரிஞ்சே எழுதினது.

ஈழத்து ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலகம் நிறுவனத்துக்குப் பிரதி கொடுக்கிற எண்ணமிருந்தால், தாள் மாமாவினது என்றாலும் பதிப்புரிமை அம்மம்மாவின் வாரிசுகளுடையது. எல்லாரிட்டையும் எழுத்தில் சம்மதம் எடுங்கோ. ஆர் இயக்கத்துக்குப் போனது, ஆர் எந்த வழியால் வெளிக்கிட்டது என்ற வரிகள் இருந்தால் அந்தப் பக்கங்களை இப்போதைக்குப் பொதுவில் விடாதேங்கோ. அந்த ஆட்கள் இன்னும் அங்கை இருக்கலாம்.