பழைய நெட்சுகே: உண்மையில் பயன்பட்டதா, விற்பனைக்குச் செதுக்கியதா?

கேள்வி:
ஜப்பானின் எடோ காலத்துத் (1603–1868) தந்த நெட்சுகேக்களைப் பற்றிப் படித்து வருகிறேன். பையில்லாத கிமோனோவின் இடைக்கச்சையிலிருந்து மருந்துச் சிமிழைத் தொங்கவிட உதவிய இச்சிறு சிற்பங்களில், உண்மையில் பயன்பட்டவற்றையும் பிற்காலத்தில் வெளிநாட்டாருக்காகச் செதுக்கப்பட்டவற்றையும் எவ்வாறு பிரித்தறிவது?

மறுமொழி 1:
முதலில் கயிறு நுழையும் துளைகளைப் பாருங்கள். நெடுநாள் பயன்பட்டதில் அவற்றின் விளிம்பு தேய்ந்திருக்கும். துணியில் மாட்டிக்கொள்ளும் கூரிய முனைகளும் பொதுவாக இரா. தேநீர்ச் சாயம் ஏற்றிப் பழமையைப் போலியாக உண்டாக்குவோரும் உண்டு என்பதால், நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மறுமொழி 2:
உருப்பெருக்கியும் வேண்டும். தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் ஷ்ரேகர் கோடுகள் தெரியும். வெளிவிளிம்பை ஒட்டி அவை யானைத் தந்தத்தில் பெரும்பாலும் 115 பாகைக்கு மேற்பட்ட கோணத்திலும், அழிந்துபோன மாமூத்தின் தந்தத்தில் 90 பாகைக்குக் குறைவாகவும் வெட்டிக்கொள்ளும். எலும்பில் இக்கோடுகள் இல்லை; நுண்ணிய கரும்புள்ளிகளே காணப்படும்.

மறுமொழி 3:
வாங்கும் எண்ணம் இருந்தால் சட்டத்தையும் பாருங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இந்தியாவில் தந்த வணிகத்துக்குத் தடை உள்ளது. 1991ஆம் ஆண்டின் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. மரத்தில் செதுக்கிய நெட்சுகேக்களும் ஏராளம். கலைநயத்தில் அவை தந்தத்துக்குச் சற்றும் குறைந்தவையல்ல என்பது என் கருத்து.